ஒரே வினாத்தாள்

பள்ளிப் பிள்ளைகளை அவரவர் உபாத்தியாயரே சோதிப்பது பழைய வழக்கம். ஒரு ராஜ்யத்துப் பிள்ளைகள் அனைவருக்கும் ஒரே வினாத்தாளை நீட்டுவது வேறு காரியம். அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் ராஜ்யத்தின் வரலாறு இதை நன்கு விளக்கும்.

அதன் தலைநகர் பாஸ்டன். 1845-ஆம் ஆண்டுக்கு முன் அங்கே பரீட்சை பெரும்பாலும் வாய்மொழிதான். பள்ளிக் குழுவினர் வந்து சில கேள்விகள் கேட்பர். சூட்டிகையான பிள்ளைகள் விடை சொல்வர். குழுவினர் பாராட்டிவிட்டுப் போவர். அவ்வாண்டில் சாமுவேல் ஹோவ் உள்ளிட்ட குழுவினர் அச்சிட்ட வினாத்தாளுடன் வந்தனர். ராஜ்யக் கல்வி வாரியச் செயலாளர் ஹொரேஸ் மான் இம்முறையை வரவேற்றார். விளைவு பலரைத் திகைக்க வைத்தது. அயல்நாட்டு வாணிபத்துக்குத் தடை வந்த ஆண்டைச் சரியாக எழுதிய பிள்ளைகளிலும் சிலருக்கு அத்தடை இன்னதென்று விளக்கத் தெரியவில்லை! உருப்போட்ட கல்வியின் சாயம் வெளுத்தது.

அந்த ராஜ்யத்தின் இன்றைய பொதுப் பரீட்சை 1993-ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தின் குழந்தை, 1998-இல் தொடங்கியது. மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் ஆங்கிலமும் கணக்கும் உண்டு. ஐந்திலும் எட்டிலும் விஞ்ஞானமும் சேரும். மதிப்பெண் 440 முதல் 560 வரை; 500 பெற்றால் வகுப்புக்குரிய தகுதி உண்டென்று பொருள். நூற்றுக்கு இவ்வளவு என்று சொல்லாமல் ஏன் இந்த விநோதக் கணக்கு? ஓர் ஆண்டு வினாத்தாள் கடினமாகவும் மறு ஆண்டு எளிதாகவும் அமைந்துவிடலாம். ஊருக்கு ஊர் மரக்கால் வேறானால், நெல்லை ஒப்பிடுவதற்கு முன் மரக்காலை ஒப்பிட வேண்டுமல்லவா? அதற்காகவே இரண்டு ஆண்டுகளுக்கும் பொதுவான சில கேள்விகளை வைத்து, மதிப்பெண்களை ஒரே அளவுகோலுக்கு மாற்றுகிறார்கள்.

ஆயிரம் பிள்ளைகளின் சராசரியில், ஒருவனுடைய காய்ச்சலும் இன்னொருவனுடைய அதிர்ஷ்டமும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். தனிப் பிள்ளையிடம் சரிக்கட்ட யார் இருக்கிறார்கள்? எனவே இவ்வளவுகோல் பள்ளியை அளப்பதில் கூர்மையானது; பிள்ளையை அளப்பதில் அவ்வளவு கூர்மையன்று.

2002-இல் கையெழுத்தான தேசியச் சட்டமொன்று இத்தகைய ஆண்டுப் பரீட்சையை எல்லா ராஜ்யங்களுக்கும் கட்டாயமாக்கி, பின்தங்கிய பள்ளிகளுக்கு நடவடிக்கைகளையும் விதித்தது. அஞ்சிய உபாத்தியாயர் எதைக் கற்பிப்பார்? வினாத்தாளில் வரக்கூடியதைத்தான். உருப்போடுதலைக் கண்டுபிடிக்க வந்த கருவியே அதை வளர்க்கவும் கூடும் என்பது விசித்திரமே. 2015-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தக் கடுமையைத் தளர்த்திற்று, பரீட்சையை நீக்கவில்லை.

2024 நவம்பரில் மாஸச்சூஸெட்ஸ் வாக்காளர்கள், உயர்பள்ளிப் பட்டத்துக்கு இப்பரீட்சைத் தேர்ச்சி தேவையில்லை என்று தீர்மானித்தனர். சிறு வகுப்புகளின் பரீட்சை நீடிக்கிறது. வசந்த காலத்தில் எழுதியதன் முடிவு வீடு வந்து சேர்வதற்குள் பிள்ளை அடுத்த வகுப்பில் அமர்ந்திருப்பான்.