காதுக்கும் விரலுக்கும் நடுவே 45 மில்லி விநாடி

ஒரு சத்தத்தைக் கேட்டு விரலை அசைக்க மனிதருக்குச் சுமார் 150 மில்லி விநாடி ஆகிறது. கண்ணால் பார்த்து அசைக்க 200 முதல் 250 வரை ஆகும். ஆனால் ஸ்டெப்மேனியா என்ற தாள விளையாட்டு, பாட்டின் அடி விழும் கணத்துக்கு 45 மில்லி விநாடி முன்பின்னாகப் பொத்தானை அழுத்தினால்தான் ‘பெர்ஃபெக்ட்’ என்று ஒப்புக்கொள்ளும். அதற்கும் மேலே ‘மார்வலஸ்’ என்று ஒரு பட்டம் உண்டு. அதற்கு 22.5 மில்லி விநாடிதான். உடம்பின் வேகத்தைவிடப் பல மடங்கு குறுகிய இந்தச் சந்துக்குள், பழகிய பிள்ளைகள் பாட்டு முடியும்வரை அசராமல் புகுந்து வெளியேறுகிறார்கள். எப்படி?

கேட்ட பிறகு அவர்கள் அழுத்துவதில்லை. அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்து, விரலை அதற்கு முன்பே அனுப்பிவிடுகிறது. சீராக ஒலிக்கும் ஒரு ‘டிக் டிக்’ சத்தத்துக்குத் தட்டச் சொன்னால், பெரும்பாலானோர் சத்தத்துக்குச் சில பத்து மில்லி விநாடிகள் முன்பே தட்டுகிறார்கள். சரியாகத்தான் தட்டுகிறோம் என்ற நினைப்பும் அவர்களுக்கு இருக்கிறது. இசை பயின்றவர்களிடம் இந்த முந்தல் குறைகிறது. ஆக, தாள விளையாட்டு சோதிப்பது விரலின் வேகத்தை அல்ல. வரப்போகும் காலத்தை எவ்வளவு சரியாக ஊகிக்கிறோம் என்பதைத்தான்.

போடிநாயக்கனூர்க்காரர்களுக்கு இதை விளக்க வெளியூர் உதாரணம் வேண்டாம். ராஜகம்பளத்து நாயக்கர்களின் பாளையமாக இருந்த ஊர் இது. அவர்களுடைய தேவராட்டத்தில் பாட்டு கிடையாது. தேவதுந்துபி மேளத்தின் அடி மட்டும்தான். முன்னால் ஆடுகிறவர் ஆட்டத்தை மாற்றினால் பின்வரிசை முழுவதும் அடுத்த அடியிலேயே மாறிவிட வேண்டும். திரையில் கீழிருந்து மேலேறி வரும் அம்புக்குறிகள் அந்த முன்னாட்டக்காரரின் வேலையைச் செய்கின்றன. என்ன வரப்போகிறது என்று ஒரு கணம் முன்பே காட்டிவிடுகின்றன, அவ்வளவுதான். எப்போது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

தாள விளையாட்டு ஜப்பானில் வேர்விட்டது. 1996இல் ப்ளேஸ்டேஷனுக்கு வந்த ‘பராப்பா தி ராப்பர்’, 1997இல் கொனாமி நிறுவனத்தின் ‘பீட்மேனியா’, 1998இல் காலால் மிதித்து ஆடும் ‘டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்’ என்று வரிசையாக வந்தன. அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் படித்த அலெக்ஸ் ரிகோபுலோஸ், எரன் எகோசி இருவரும் 1995இல் ஹார்மோனிக்ஸைத் தொடங்கினார்கள். அங்கிருந்து 2005இல் ‘கிட்டார் ஹீரோ’, 2007இல் ‘ராக் பேண்ட்’ வந்தன. ராக் பேண்டில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு ஒன்று உண்டு. கிட்டார், பேஸ், டிரம்ஸ், பாட்டு என்று நான்கு பேர் ஆடும்போது ஒருவர் தடுமாறி ஆட்டமிழந்தால், மற்றொருவர் நன்றாக ஆடிச் சேர்த்துவைத்த சக்தியைச் செலவழித்து அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் கூடி ஆடுவதற்கென்றே யோசித்துச் செய்த விதி அது.

ராக் பேண்ட் ஆட வேண்டிய பிளாஸ்டிக் கிட்டாரும் டிரம்ஸும் விலை அதிகம். அதனால் நம் வீடுகளுக்கு நான் சிபாரிசு செய்வது ஸ்டெப்மேனியாவைத்தான். 2001 முதல் இருக்கும் இலவச, திறந்த மூல மென்பொருள். பழைய கம்ப்யூட்டர் போதும். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் வேண்டாம். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும் ஏலமலை எஸ்டேட் குடியிருப்புகளில் இது சின்ன வசதி இல்லை.

முதல் நாள் ஆடும்போது எல்லோரும் ஒரே குறையைச் சொல்வார்கள்: “நான் சரியாத்தான் அடிச்சேன், இது தப்புன்னு காட்டுது.” பெரும்பாலும் அவர்கள் சொல்வது உண்மை. கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பும் படம், டிவிக்குள் மெருகேற்றப்பட்டுத் திரைக்கு வர 50, சிலவற்றில் 100 மில்லி விநாடிக்கும் மேல் ஆகிறது. ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால் ஒலி இன்னும் மோசமாக, 200 மில்லி விநாடி வரை தாமதிக்கலாம். 45க்குள் அடிக்க வேண்டிய இடத்தில் 200 பிந்தி வரும் பாட்டைக் கேட்டு யார்தான் அடிக்க முடியும்? வயர் வைத்த ஸ்பீக்கரையோ ஹெட்போனையோ மாட்டுங்கள். டிவியில் ‘கேம் மோட்’ இருந்தால் போடுங்கள். பிறகு விளையாட்டின் அமைப்புப் பகுதியில் தாமதத்தை அளந்து சரிசெய்யும் இடத்துக்குப் போய், கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் நம்பித் தட்டுங்கள். உங்கள் வீட்டுத் தாமதம் எவ்வளவு என்று மென்பொருள் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளும். காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க 3 மில்லி விநாடி ஆகிறது. ஹாலுக்குள் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இன்னொன்று, இரண்டு பேர் ஒரே கீபோர்டில் ஆடினால் சண்டை நிச்சயம். விலை மலிவான கீபோர்டுகள் ஒரே நேரத்தில் மூன்று நான்கு விசைகள் அழுந்தினால் சிலவற்றைக் கவனிக்காமல் விட்டுவிடும். ஆளுக்கொரு கீபோர்டை யுஎஸ்பியில் செருகிவிட்டால் தீர்ந்தது.

அவரவர் வீட்டிலிருந்தே இணையத்தில் சேர்ந்து ஆடலாமே என்று கேட்கலாம். ஸ்பைசஸ் போர்டின் ஏலக்காய் மின் ஏலத்தில் 2021 முதல் போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் இருக்கும் வியாபாரிகள் ஒரே ஏலத்தில் விலை கேட்கிறார்கள். ஏலத்தில் செய்தி சில பத்து மில்லி விநாடி பிந்தி வந்தாலும் பாதகமில்லை. தாளத்தில் அதே தாமதம் ஆட்டத்தையே கெடுத்துவிடும். அதனால் இணைய ஆட்டங்களில் ஒவ்வொருவர் கருவியும் அவரவர் அடியைத் தனித்தனியே தீர்மானித்து, மதிப்பெண்ணை மட்டும் பகிர்ந்துகொள்கிறது. நண்பனின் அடி உங்கள் அடியோடு சேர்ந்து விழுவதை நீங்கள் கேட்கவே முடியாது. அந்தச் சுகத்துக்கு ஒரே அறையில் உட்கார்வதைத் தவிர வழியில்லை.

இனி, இந்த விளையாட்டின் உண்மையான செல்வத்துக்கு வருகிறேன். ஸ்டெப்மேனியாவில் எந்தப் பாட்டுக்கும் நாமே ஆட்டம் எழுதலாம். அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேடில் திறந்து படிக்கலாம். 1000 என்று ஒரு வரி எழுதினால் இடது அம்பு. 0100 கீழ், 0010 மேல், 0001 வலது. 0000 என்றால் ஓய்வு. நான்கு வரி எழுதிக் காற்புள்ளி வைத்தால் நான்கு அடி கொண்ட ஒரு ஆவர்த்தனம். எட்டு வரி எழுதினால் அடிக்கு இரண்டு, பன்னிரண்டு எழுதினால் அடிக்கு மூன்று, அதாவது திஸ்ர நடை. இதோடு பாட்டின் வேகமும் முதல் அடி விழும் இடமும் குறித்துவிட்டால் ஆட்டம் தயார்.

வேகத்தைக் குறிப்பதுதான் கடினம். நிமிடத்துக்கு 121 அடி ஓடும் பாட்டை 120 என்று எழுதிவிட்டீர்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு அடியிலும் 4 மில்லி விநாடி விலகும். பதினோரு அடியில், அதாவது ஐந்தரை விநாடியில், 45ஐத் தாண்டிவிடும். கம்ப்யூட்டரில் செய்த இன்றைய பாட்டுகளில் வேகம் ஒன்றாகவே இருப்பதால் ஒரு எண் போதும். போடியிலிருந்து மலையடிவாரத்திலேயே தெற்கே போனால் வரும் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’யில் தொடங்கி அடுத்த சில ஆண்டுகளில் பதிவுசெய்த பாட்டுகளில் அப்படி இருக்காது. வாத்தியக்காரர்கள் கூடி உட்கார்ந்து வாசித்தவை அவை. பல்லவி முடிந்து இடையிசை வரும்போது வேகம் ஒரு நூலளவு கூடும், சரணத்தில் இறங்கும். அத்தகைய பாட்டுக்கு ஆட்டம் எழுத, சில அடிகளுக்கு ஒருமுறை வேகத்தைத் திருத்திக்கொண்டே போக வேண்டும். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான். ஆனால் ஒருவர் ஹெட்போனில் கேட்க, ஒருவர் எண்ணைத் திருத்த, ஒருவர் ஆடிப் பார்க்க என்று மூன்று நண்பர்கள் ஒரு மழைநாளில் இதைச் செய்தால், பலமுறை கேட்ட பாட்டுக்குள் தபேலாக்காரர் எங்கே முந்துகிறார் என்பது முதன்முறையாகப் பிடிபடும். விளையாடுவதைவிட இதில்தான் காது அதிகம் தேறுகிறது என்பது என் கருத்து.

நம் தாளத்துக்கு ஒரு இடைஞ்சலும் உண்டு. ஸ்டெப்மேனியா ஒவ்வொரு அடியையும் 48 கட்டமாகப் பிரிக்கிறது. சதுஸ்ரத்தின் நான்கும் திஸ்ரத்தின் மூன்றும் 48இல் மீதியில்லாமல் அடங்கும். கண்டத்தின் ஐந்து, மிஸ்ரத்தின் ஏழு, சங்கீர்ணத்தின் ஒன்பது அடங்காது. கண்ட நடையில் இரண்டாவது அட்சரம் 9.6ஆவது கட்டத்தில் விழ வேண்டும். அப்படி ஒரு கட்டம் இல்லாததால் பத்தில் வைக்கிறோம். நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் பிழை சுமார் 4 மில்லி விநாடி. காதுக்குத் தெரியாது, ஆட்டமும் கெடாது. எனவே தயங்காமல் எழுதலாம். ஐந்தையும் ஏழையும் கையால் போட்டுப் பழகிய ஊர்ப் பிள்ளைகளுக்கு நான்கு நான்காக வரும் அம்புகள் சீக்கிரமே அலுத்துவிடும்.

ஜப்பானியர்கள் தங்கள் மேளத்துக்கே ஒரு விளையாட்டு செய்துகொண்டார்கள். 2001இல் நாம்கோ நிறுவனம் வெளியிட்ட ‘டைகோ நோ டட்சுஜின்’ அது. அதில் இருப்பது இரண்டே அடிதான்: சிவப்பு வட்டம் வந்தால் மேளத்தின் நடுவில், நீலம் வந்தால் விளிம்பில். 2002இல் வீட்டில் வைத்து அடிக்கச் சின்ன மேளத்தோடு ப்ளேஸ்டேஷன் 2க்கும் வந்தது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தப்பு மேளம்தான் நினைவுக்கு வரும். அதிலும் இரண்டு குச்சிகள், ஒரு கையில் மெல்லிய நீளக் குச்சி, மறு கையில் தடித்த அடிக்குச்சி. இரண்டின் ஒலியும் வேறு. நான்கு பத்தி கொண்ட ஸ்டெப்மேனியா கோப்பில் இரண்டு பத்தியே இதற்குப் போதும். மென்பொருள் எழுதத் தெரிந்தவர் தேவையில்லை. தேனி மாவட்டத்தில் தப்படிப்பவர்களுக்கும் உருமி வாசிப்பவர்களுக்கும் குறைவில்லை. ஒருவரை அழைத்து, உரிய சன்மானம் கொடுத்து, மூன்று நிமிடம் வாசிக்கச் சொல்லிச் செல்போனில் பதிவுசெய்து, அவர் பக்கத்தில் இருக்கும்போதே எந்த அடி எந்தக் குச்சி என்று குறித்துக்கொண்டால் முதல் பாடம் தயாராகிவிடும். முதல் பத்தியில் மெல்லிய குச்சி, நான்காவதில் அடிக்குச்சி. இரண்டு பேர் ஆடும்போது மற்றவருக்கு உருமியின் அடிகளைத் தனி ஆட்டமாக எழுதிக் கொடுக்கலாம்.