பெசன்ட் நகர் பீச்சில் டால்பின் தெரியுமா? கரையில் நின்றே பார்க்க, படமெடுக்க சில வழிகள்!

பெசன்ட் நகர் பீச்சில் பஜ்ஜி சாப்பிட்டிருப்போம். கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் முன்னால் செல்ஃபி எடுத்திருப்போம். அதே கடலில் டால்பின்களும் உண்டு என்பது மீனவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு நமக்குத் தெரியாது. 'ஓங்கில்', 'கடல் பன்றி' என்று அவற்றுக்குத் தமிழிலேயே பெயர்கள் இருக்கின்றன.

எது எது?

முதுகில் திமில் தெரிந்தால் கூன்முதுகு டால்பின், கரையையொட்டியே திரியும். துடுப்பு அரிவாள்போல வளைந்திருந்தால் பாட்டில்மூக்கு டால்பினாக இருக்கலாம். முதுகுத் துடுப்பே இல்லாமல், உருண்டை முகத்தோடு இருப்பது துடுப்பில்லா போர்பாய்ஸ். இந்தியக் கடலில் உள்ள ஒரே போர்பாய்ஸ் இனம் இதுதான். துள்ளிக் குதிக்காது என்பதால் கண்டுபிடிப்பது கஷ்டம்.

எப்போது, எப்படி?

கடற்காற்று கிளம்பும் முன், காலையில் கடல் அமைதியாக இருக்கும். துடுப்பைக் கண்டுபிடிக்க அதுதான் நல்ல நேரம். ஆனால், சூரியன் நம் முகத்துக்கு நேரே இருப்பதால் படத்தில் கறுப்பு உருவம்தான் விழும். நிறம் தெரிய வேண்டுமா? மதியம் மூன்று மணிக்கு மேல், வெயில் முதுகுப் பக்கம் வந்த பிறகு முயலுங்கள். கடற்பறவைகள் ஒரே இடத்தில் விழுந்து எழுந்தால், கீழே மீன் கூட்டம் இருக்கிறது என்று அர்த்தம். பைனாகுலரை அங்கே திருப்புங்கள். கேமராவில் ஷட்டர் வேகம் 1/1000-க்குக் குறைய வேண்டாம். மொபைல் என்றால் வீடியோ எடுத்து, அதிலிருந்து படத்தைப் பிரிப்பது நல்லது.

கரை ஒதுங்கினால்...

டால்பின் மீன் அல்ல, நம்மைப்போல மூச்சுவிடும் பாலூட்டி. வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டி இறந்துவிடும். அப்படி ஒதுங்கிய உடலைப் பார்த்தால் தொடாதீர்கள். முகம், துடுப்பு, முழு நீளம் தெரியும்படி படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் வனத்துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஈரத்துணி போர்த்தலாம், தலைமேல் உள்ள மூச்சுத் துளையை மட்டும் மூடிவிடாதீர்கள். இவை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ள உயிரினங்கள்.

இதற்காக நான் மூன்று நாள் விடியற்காலையில் போனேன். இரண்டு நாளும் வெறும் அலைதான். மூன்றாம் நாள், கட்டுமரத்துக்கு அப்பால் ஒரு துடுப்பு எழுந்து மறைந்தது. என் மொபைலில் அது ஒரு கறுப்புப் புள்ளி. இன்னும் அழிக்கவில்லை!