கண்ணுக்கு முன் விரல் அறியும் வியாதி

1894-ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சரும வைத்தியர் பால் உன்னா, ஆயுளின் பெரும்பகுதியைக் கப்பல் தளத்தில் கழித்த மாலுமிகளின் முகத்திலும் புறங்கையிலும் தோல் வறண்டு தடிப்பதையும், சிலரிடம் அது புற்றாகவே முற்றுவதையும் கண்டு, அந்நிலைக்கு 'மாலுமிச் சருமம்' என்று பெயர் சூட்டினார். பின்னர் பிரான்ஸின் போர்தோ நகரத்து வைத்தியர் துப்ரேய், திராட்சைத் தோட்டங்களில் உழைத்த குடியானவர்களிடமும் அவ்விகாரத்தையே கண்டார். தொழில் வேறாயினும், இரு சாராரும் சுமந்த வெயில் ஒன்றே.

இன்று 'ஆக்டினிக் கெரட்டோசிஸ்' என வழங்கும் இது, நெற்றி, காதுமடல், வழுக்கைத் தலை, புறங்கை ஆகிய இடங்களில் உப்புத்தாள் போன்ற சொரசொரப்பாகத் தோன்றும். பல சமயங்களில் கண்ணில் படுமுன்னரே விரல் நுனிக்குத் தட்டுப்படுவது இதன் லட்சணம். சூரிய கிரணங்களிலுள்ள புற ஊதாக் கதிர், பழுதுபட்ட உயிரணுவைப் பெருகவிடாமல் தடுக்கும் பி-53 என்னும் காவல் மரபணுவையே கெடுத்துவிடும்போது, சிதைந்த அணுக்கள் தடையின்றி விருத்தியடைகின்றன.

மெல்லிய தோலும் சொற்ப நிறமியும் கொண்டு, மேலுதட்டைக் காட்டிலும் நேராக வெயிலை ஏற்பது கீழுதடு. அது ஓயாமல் உலர்ந்து, வெண்மை படர்ந்து, முகத்தோலோடு சேருமிடத்தின் எல்லைக்கோடு மங்கிப்போவதே 'ஆக்டினிக் கெய்லைட்டிஸ்'. வெறும் வெடிப்பென்று வெண்ணெய் தடவிக் காலம் போக்குவது அபாயம். ஏனெனில் உதட்டில் பிறக்கும் புற்று, தோலில் பிறப்பதைவிட எளிதாகக் கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவக்கூடியது.

ஆயினும் பீதி வேண்டுவதில்லை. இச்சொரசொரப்புகளில் மிகச் சிலவே புற்றாகின்றன. சில தாமே மறைகின்றன. எது மாறும், எது மறையும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாமையால்தான் திரவ நைட்ரஜனால் உறைய வைத்தும், புளூரோயுராசில் களிம்பு பூசியும் வைத்தியர்கள் அவற்றை அகற்றுகின்றனர்.

வெண்ணிறத்தவர் மிகுந்த ஆஸ்திரேலியாவில், விக்டோரியா மாநிலத்தில் 1991-92 கோடையில் 40 வயது கடந்த 588 பேரிடம் நடந்த ஆராய்ச்சியில், வெயில்காப்புக் களிம்பை நாள்தோறும் பூசியவர்களுக்குப் புதிய சொரசொரப்புகள் குறைவாகவே தோன்றின. பழையவையும் அதிகமாக மறைந்தன. வெயிலின் தாக்குதல் ஓய்ந்தால், நெடுநாள் வெந்த சருமமும் தன்னைச் சீர்செய்துகொள்ள முயல்கிறது என்பதற்கு இதைவிட ஆறுதலான சான்று வேறில்லை.

கருநிறம் நமக்குப் பெரும் கவசமே; ஆனால் பிறவியிலேயே நிறமியற்ற வெண்தோலுடைய நம் மக்களுக்கு அக்கவசம் கிடையாது. அவர்களுக்கு அகன்ற விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் வெயில்காப்புக் களிம்பும் அத்தியாவசியம். யாராயினும், வாரக்கணக்கில் ஆறாத புண்ணோ பொருக்கோ விரலில் தட்டுப்பட்டால், தாமதமின்றி அதைத் தோல் மருத்துவரிடம் காட்டுவதே விவேகம்.