உண்டும் பசிக்கும் கலங்கள்



சென்ற தவணையில் ஒரு நாள், விஞ்ஞான ஆசிரியை விடுமுறையில் நின்றமையால், ஒன்பதாம் வகுப்புக்கு நானே செல்ல நேர்ந்தது. நான் கலைப் பட்டதாரி; தமிழும் வரலாறும் கற்பித்துத் தலை நரைத்தவன். எனவே பாடநூலை விரித்து, அனுசேபம் என்ற தலைப்பின் கீழிருந்த பந்தியை உரத்த குரலில் வாசித்தேன். 'கலங்கள் உணவிலிருந்து சக்தியைப் பெறுகின்றன' என்ற வாக்கியத்துக்கு வந்ததும், பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, சோறு போறது வயித்துக்கு, ஓடுறது கால். இடையில என்ன நடக்குது?" என்று கேட்டாள். நாளை சொல்வதாகக் கூறித் தப்பிக்கொண்டேன். அந்த நாளை வருவதற்கு ஒரு மாதம் சென்றது. அந்த மாதத்திலே நான் படித்தறிந்ததையே இன்று உங்கள் முன் வைக்கின்றேன்.

ஒரு கவளம் சோற்றைக் கறியின்றி வாயிலிட்டு, விழுங்காமல் சற்று நேரம் மென்றுகொண்டிருங்கள். மெல்ல மெல்ல அது இனிக்கத் தொடங்கும். சோற்றில் உள்ளது மாப்பொருள், அதற்கு இனிப்பில்லை. உமிழ்நீரிலுள்ள அமைலேசு என்னும் பொருள் மாப்பொருளின் நீண்ட சங்கிலிகளை வெட்டிச் சர்க்கரையாக்குகின்றது. இத்தகைய பொருள்களையே நொதியங்கள் என்கிறோம். வாயில் தொடங்கிய இவ்வேலை சிறுகுடலில் முற்றுப்பெற, மாப்பொருள் குளுக்கோசு என்னும் எளிய சர்க்கரையாகிக் குருதியிற் கலந்து, உடலின் ஒவ்வொரு கலத்தின் வாயிலுக்கும் செல்கின்றது. கலம் என்பது பாத்திரத்துக்கும் மரக்கலத்துக்கும் பழந்தமிழ் வைத்த பெயர். தமிழ்நாட்டிலே உயிரணு என்பர். சரக்கை ஏற்றி இறக்கி ஓயாது தொழில் நடத்தும் இச்சிற்றுடலுக்கு நம் நாட்டு வழக்கே பொருந்துகின்றது என்பது என் எண்ணம்.

குளுக்கோசு கலத்தினுள்ளே என்ன ஆகின்றது? எரிகின்றது என்பதே முதல் விடை. பிரான்சு நாட்டு இலவாசியே என்பவர் 1780களின் தொடக்கத்தில், இலப்பிளாசு என்னும் கணித மேதையுடன் சேர்ந்து, ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலமொன்றில் அடைத்துவைத்தார். அதன் உடற்சூட்டினால் உருகிய நீரை அளந்தார். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டையும் அளந்து, கரி எரியும்போது எழும் வெப்பத்தோடு ஒப்புநோக்கினார். இரண்டும் பெரும்பாலும் ஒத்திருந்தன. சுவாசம் என்பது மெதுவாக நிகழும் எரிதலே என்று அவர் துணிந்தார்.

ஆயினும் இங்கே ஒரு சிக்கல் எழுகின்றது. சர்க்கரையை எரிப்பதற்கு அடுப்பின் கொடுஞ்சூடு வேண்டும். நம் உடலின் வெப்பமோ 37 பாகை சென்றிகிரேட்டு மட்டுமே. சர்க்கரையைப் போத்தலில் இட்டு, இவ்வெப்பத்தில் ஆண்டுக்கணக்காக வைத்தாலும் அது தீப்பற்றாது. பனையுச்சியிலிருந்து விழுபவனையும், தளைநார் கொண்டு பிடித்துப் பிடித்து இறங்குபவனையும் எண்ணிப் பாருங்கள். இருவரும் இறங்கும் உயரம் ஒன்றே. ஒருவன் எலும்பு முறிந்து கிடக்கின்றான். மற்றவன் கருப்பநீர் முட்டியுடன் நடந்து போகின்றான். அடுப்பிலே சர்க்கரை ஒரே பாய்ச்சலில் தன் சக்தி முழுவதையும் வெப்பமாகக் கொட்டிவிடுகின்றது. கலத்திலே அது சிறு சிறு படிகளாக இறங்குகின்றது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதியம் காவல் நிற்கின்றது. நொதியம் தான் அழியாமலே, தனக்குரிய ஒரு மாற்றத்தை மட்டும் எளிதாக்கி விரைவுபடுத்தும் புரதமாகும். அதன் விரைவு நம்புதற்கரியது. குருதியில் காபனீரொட்சைட்டைக் கரைத்துச் செல்ல உதவும் நொதியத்தின் ஒரு மூலக்கூறு, ஒரு விநாடியில் ஏறத்தாழ 10 இலட்சம் தடவை தன் தொழிலைச் செய்யவல்லது.

கருப்பநீர் என்றேன். முட்டியிற் சுண்ணாம்பு பூசாவிட்டால் அது கள்ளாகிவிடும் என்பதை வடபுலத்தார்க்கு யான் சொல்ல வேண்டியதில்லை. காற்றிலும் முட்டியிலும் உள்ள மதுவம் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையை அற்ககோலாக மாற்றுகின்றது. உயிருள்ள கலமின்றி இந்நொதிப்பு நிகழாது என்று பாசுற்றர் உறுதியாகக் கூறினார். 1897ஆம் ஆண்டிலே செருமனியரான எடுவாட் புக்னர் மதுவத்தை மணலோடு அரைத்துப் பிழிந்து, உயிர்க்கலம் ஒன்றுமில்லாத சாற்றை எடுத்தார். அது கெடாதிருக்கும்பொருட்டுச் சர்க்கரையைச் சேர்த்தார். சாறு நுரைத்துப் பொங்கியது. உயிர் போனபின்பும் உயிரின் தொழில் நடந்தது! பாதுகாப்புக்காகப் போட்ட சர்க்கரை அவருக்கு 1907இல் நோபல் பரிசைத் தேடித் தந்தது. அவருக்கு முன்னரே, 1870களில், கியூனே என்பவர் இத்தகைய பொருள்களுக்கு 'மதுவத்தினுள் இருப்பது' என்னும் பொருள்படக் கிரேக்கச் சொற்களால் பெயரிட்டிருந்தார். நொதியம் என்ற நம் கலைச்சொல்லும் நொதித்தலிலிருந்தே பிறந்தது. சொல்லாக்கியோர் வேரறிந்து ஆக்கினர் எனலாம்.

இனிப் படிகளைப் பார்ப்போம். எல்லாவற்றின் பெயரையும் அடுக்கி உங்களை வருத்தப் போவதில்லை. அவை மாணவர்க்குப் பரீட்சைக்கு வேண்டியவை. குளுக்கோசு முதலில் பத்துப் படிகளில் இரண்டாகப் பிளந்து, பைரூவிக்கமிலம் என்னும் பொருளாகின்றது. இதற்கு ஒட்சிசன் தேவையில்லை. கிடைக்கும் சக்தியும் சிறிதே. பின்னர் அது கலத்தினுள்ளே இருக்கும் இழைமணி என்னும் நுண்ணுறுப்பினுட் புகுந்து, ஆன்சு கிரெப்சு 1937இல் வெளிப்படுத்திய வட்டத்திற் சுழன்று, காபனீரொட்சைட்டாகச் சிதைகின்றது. அதிலிருந்து கழன்ற ஐதரசன், நாம் மூச்சாக உள்ளிழுத்த ஒட்சிசனோடு இறுதியிற் சேர்ந்து நீராகின்றது. மூச்சு எதற்கென்று கேட்டால், இந்தக் கடைசிப் படிக்கே என்க.

இறங்குகையில் வெளிப்படும் சக்தியைக் கலம் வீணாக்குவதில்லை. இழைமணியின் உட்சவ்வுக்கு அப்பால் ஐதரசன் அயன்களை இறைத்துத் தேக்குகின்றது. அணைக்கட்டிலே தேங்கிய நீர் இலக்சபானாவில் சுழலியைச் சுற்றுவதுபோல, அவ்வயன்கள் திரும்பிப் பாயும்போது ஒரு நொதியம் உண்மையாகவே சுழல்கின்றது. பீற்றர் மிச்செல் 1961இல் இக்கருத்தை வெளியிட்டபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே அவர் நோபல் பரிசு பெற்றார். சுழலும் நொதியம் ஆக்குவது ஏ.ரீ.பி. என்று சுருக்கமாக வழங்கும் பொருள். அது கலத்தின் சில்லறைக் காசு. பேருந்திலே 5000 ரூபாய்த் தாளை நீட்டினால் நடத்துநர் முகம் சுளிப்பாரன்றோ? குளுக்கோசு அத்தகைய பெருந்தாள். தசை சுருங்கவும் நரம்பு செய்தி அனுப்பவும் சிறுநீரகம் வடிக்கவும் வேண்டியது சில்லறையே. ஒட்சிசன் துணையோடு ஒரு குளுக்கோசு மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 கிடைக்கும்; ஒட்சிசன் இல்லையேல் இரண்டே. இக்காசைச் சேமித்து வைக்கவும் இயலாது. செலவாவதும் மீள ஆக்கப்படுவதுமாக ஒரு நாளிற் கைமாறும் தொகையைக் கூட்டினால், அது நம் உடலின் எடையளவுக்கு வரும்.

மாணவியின் கேள்விக்கு இது விடையாகிவிட்டது. ஆனால் படிக்கப் படிக்க வேறொன்று என் மனத்தைப் பற்றிக்கொண்டது. இத்தனை படிகளில் ஒன்று அடைபட்டால் என்ன ஆகும்? வயிறு நிறைய உண்டவன், கலத்தளவிற் பட்டினி கிடப்பான். இது கற்பனையன்று. ஆசியாவில் எண்ணற்றோர் அவ்வாறே மாண்டார்கள்.

அந்நோயின் பெயர் பெரிபெரி. பலவீனத்தைக் குறிக்கும் சிங்களச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்ததென அகராதிகள் கூறும். கால் மரத்து நடை தளரும்; சிலருக்கு உடல் வீங்கி இதயம் ஓயும். நீராவியால் இயங்கும் அரிசி ஆலைகள் பெருகி, வெண்மையாகத் தீட்டிய அரிசி மலிந்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்நோயும் பெருகிற்று. சாவகத் தீவின் பத்தாவியா நகரிலே, 1890ஆம் ஆண்டளவில், ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் இதற்குக் காரணமான கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய கோழிகளுக்கும் கால் தளர்ந்தது. பின்னர் திடீரெனத் தேறின. விசாரித்ததில், கோழிகளுக்கு இடைக்காலத்தில் இராணுவ வைத்தியசாலையில் எஞ்சிய வெள்ளைச் சோறு போடப்பட்டமை தெரிந்தது. புதிதாக வந்த சமையற்காரர், படையினரின் சோற்றைக் குடிமக்களின் கோழிகளுக்குத் தருவதற்கில்லை என்று மறுத்துவிட்டார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்தன! அச்சமையற்காரரின் பெயரை வரலாறு பேணவில்லை. ஐக்மன் அரிசியில் நஞ்சும் தவிட்டில் அதற்கு மாற்றும் உள்ளன என்று கருதினார். நஞ்சன்று, இன்றியமையாத ஏதோ ஒன்று குறைகின்றது என்று 1901இல் திருத்தியவர், அவர்க்குப்பின் அப்பணியை ஏற்ற கிறைன்சு. ஐக்மனுக்கு 1929இல் நோபல் பரிசிற் பங்கு கிடைத்தது, கிறைன்சுக்கு இல்லை.

மலாயாவிலே நம்மவர் இவ்வாராய்ச்சிக்குச் சான்றானார்கள். அங்கு வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் ஒன்றைக் கவனித்தார். வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெருந்தொகையாக நோயுற்றனர். புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பினர். 1907இல் தொடங்கி பிரேசர், இசுற்றான்றன் என்னும் இருவர், காட்டிலே வீதி அமைத்துக்கொண்டிருந்த சாவகத் தொழிலாளரை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவுக்கு வெள்ளையரிசியும் மற்றதற்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தனர். வெள்ளையரிசிக் குழுவிலேதான் பெரிபெரி தோன்றிற்று. ஊதியமும் அதிகாரமும் தம் கையில் இல்லாத மனிதர்மீது செய்த சோதனை அது. இன்று எந்த வைத்தியசாலையும் அவ்வாறு செய்ய அனுமதியாது. அவர்களால் விளைந்த அறிவை நாம் உண்ணுகின்றோம் என்பதை மட்டும் மறத்தற்கில்லை.

குறைந்த பொருள் தயமின் என்னும் விற்றமின். 1926இல் அதே பத்தாவியாவில் அது தவிட்டிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அது கலத்திலே என்ன செய்கின்றது என்பதை ஒட்சுபோட்டிலே பீற்றர்சு என்பவர் 1930களில் புறாக்களைக் கொண்டு தேடினார். தீட்டிய அரிசி மட்டும் தின்ற புறாவின் தலை பின்னோக்கி வளைந்து இசிவு காணும். அதன் மூளைத்துண்டைக் குளுக்கோசுக் கரைசலில் இட்டபோது, அது ஒட்சிசனைக் குறைவாகவே ஏற்றது. பைரூவிக்கமிலம் தேங்கி நின்றது. சிறு துளி தயமினைச் சேர்த்ததும் மூளைத்துண்டு மீண்டும் நன்கு சுவாசித்தது. ஆகவே தடை எங்கேயென்பது விளங்கிற்று. பைரூவிக்கமிலத்தைக் கிரெப்சு வட்டத்தின் வாயிலுள் விடும் நொதியத்துக்குத் தயமினே திறப்பு. திறப்பின்றேல் கதவு திறவாது. கதவுக்கு வெளியே சர்க்கரை குவிந்து கிடக்க, உள்ளே இழைமணி வெறுமையாய்க் காத்திருக்கும். குளுக்கோசையே பெரிதும் நம்பி வாழும் மூளையும் நரம்பும், கணமும் ஓயாத இதயமும் முதலில் வாடுவதில் வியப்பில்லை.

நாளொன்றுக்கு வளர்ந்தோர்க்கு வேண்டிய தயமின் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகம். உப்புக்கல் ஒன்றளவு என்று கொள்ளுங்கள். உடலில் இருப்பதோ மூன்று கிழமைக்கும் போதாது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரோடு அரிசியின் உள்ளே ஊடுருவிப் படிகின்றது; பின்பு தீட்டினாலும் ஒரு பகுதி தங்கிவிடுகின்றது. நெல் அவித்த நம் பாட்டிமார், நெல் எளிதில் இடிபடவும் பூச்சி அணுகாதிருக்கவும் அவித்தனர். இழைமணியை அவர்கள் அறிந்தாரல்லர்.

பெரிபெரி பழங்கதையாகிவிட்டதென்று எண்ண வேண்டா. மதுவுக்கு அடிமையாகி உணவை மறந்தவர்களிடமும், கருவுற்ற காலத்தில் ஓயாது வாந்தியெடுப்பவர்களிடமும் தயமின் குறைவு இன்றும் காணப்படுகின்றது. அத்தகையோர்க்குக் குளுக்கோசு ஏற்றுமுன் அல்லது அதனுடன் தயமினைக் கொடுப்பது வைத்தியர் வழக்கம். குளுக்கோசு தனியே முந்திச் சென்றால், எஞ்சியிருக்கும் திறப்புகளையும் அது பயன்படுத்தித் தீர்த்து, மூளைக்குக் கேடு விளைக்கக்கூடும். உணவே ஊறு செய்யும் நிலை அது.

மாணவியிடம் இவ்வளவையும் கூறினேன். தயமின் நீரிற் கரையும். பன்முறை அரிசியைக் களைந்தால் கழுநீரோடு போய்விடும் என்றும் சொன்னேன். அவள் சிறிது சிந்தித்துவிட்டு, "எங்கட அம்மம்மா கழுநீரை மாட்டுக்கு வைப்பா, ஐயா. அப்ப எங்கட தயமின் மாட்டுக்கோ போகுது?" என்றாள். மீண்டும் நாளை என்று சொல்லி நூலைத் தேடினேன். மாட்டுக்கு அது தேவையே இல்லையாம். அதன் முதலிரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அதற்கு வேண்டிய தயமினை ஆக்கிக் கொடுத்துவிடுகின்றன.