மலைப்பாதையும் பழைய காரும்: பிரேக் குழாய்களைப் புதுப்பித்தல்

கேகாலை, இரத்தினபுரி ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த சப்ரகமுவ, மலையும் மழையும் மிகுந்த பகுதி. தேயிலையும் இறப்பரும் செழித்த அதன் சரிவுகளில் ஒரு காலத்தில் தோட்டத்துரைமாரும் உத்தியோகத்தரும் ஓட்டிய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் முதலிய கார்களுட் சில இன்றும் ஓடுகின்றன. மொரிஸ் மைனர் இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை உற்பத்தி செய்யப்பட்டது. 1970 முதல் 1977 வரை இலங்கையில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ள வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழி என்றாயிற்று.

பழைய காரின் இயந்திரம் நின்றால் பயணம் தடைப்படும், அவ்வளவே. மாவனல்லைக்கு அப்பால் கடுகண்ணாவைக் கணவாயிலோ, இறக்குவானையிலிருந்து தெனியாயை நோக்கிச் செல்லும் வளைவுகளிலோ இறங்கும்போது பிரேக் தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆகவே பழைய வண்டியைப் புதுப்பிப்போர் வர்ணத்தையும் மெருகையும் கவனிக்குமுன் பிரேக் குழாய்களைக் கவனித்தல் வேண்டும்.

இக்குழாய்களின் வேலை யாது? அடைபட்ட திரவத்தின் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாது பரவும் என்பது 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அறிஞர் பஸ்கால் விளக்கிய உண்மை. ஓட்டுநர் மிதியை அழுத்தியதும் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் குழாய்களின் வழியே நான்கு சக்கரங்களுக்கும் அவ்வழுத்தத்தைக் கொண்டு செல்கிறது. பழைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் பொதுவாக ஒரே திரவத் தொடர்தான் உண்டு. எங்கேனும் ஓரிடத்திற் குழாய் வெடித்தால் நான்கு பிரேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும். இன்றைய கார்களில் இரு தனித் தொடர்கள் இருப்பதால், ஒன்று தவறினும் மற்றது உதவும்.

உருக்குக் குழாய்க்குப் பகை இரண்டு. வெளியே சேறும் மழையும், உள்ளே நீர். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேலாக மழை பொழிகிறது. பிரேக் ஒயில் எனப்படும் திரவமோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மையது. ஈரம் சேரச் சேர, வெளியிலிருந்து பார்ப்போருக்குத் தெரியாமல் குழாய் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். அத்துடன் திரவத்தின் கொதிநிலையும் தாழும். டொட் 4 தரத் திரவம் புதிதாய் இருக்கையில் 230 பாகை செல்சியஸ் வரையேனும் கொதியாது நிற்றல் வேண்டும். ஈரம் ஏறிய பின் அந்த அளவு 155 பாகை வரை இறங்கலாம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாது அழுத்தினால் வெப்பம் மிகுந்து திரவம் ஆவியாகும். ஆவி அழுத்தத்துக்குச் சுருங்குவதால் மிதி தரைவரை சென்றும் வண்டி நில்லாது.

புதுப்பிக்கும் முறை இனி. பழைய குழாய்களைக் கழற்றியதும் எறிந்துவிடலாகாது; புதியவற்றை வளைப்பதற்கு அவையே அச்சு. செம்பும் நிக்கலும் கலந்த உலோகக் குழாய் துருவுக்கு அஞ்சாதது, எளிதில் வளைவதுமாகும். தனிச் செம்போ அதிர்ச்சியால் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடும். குழாயின் முனை பழைய முனையின் வடிவிலேயே அதற்குரிய கருவியால் விரித்து மடிக்கப்படல் வேண்டும். ஈயம் வைத்து ஒட்டிய இணைப்பு பிரேக்கின் அழுத்தத்தைத் தாங்காது. குழாய் வண்டிச் சட்டத்தில் உராயாதவாறு பிடிகளால் இறுக்கப்படல் வேண்டும். சக்கரத்தருகே உள்ள வளையும் இறப்பர்க் குழாய்களையும் மாற்றுதல் அவசியம். அவை உட்புறம் வீங்கினால் திரவம் திரும்பாது, காலை எடுத்த பின்பும் பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

இறப்பரைப் பற்றி மற்றொரு செய்தியும் உண்டு. 1876இல் இலங்கைக்கு வந்த இறப்பர் மரம் பின்னர் சப்ரகமுவச் சரிவுகளிற் பரவியது. அதன் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை இறப்பர் கனிய எண்ணெய் பட்டால் வீங்கிக் கெடும். இதனாலேயே தொடக்ககாலப் பிரேக் திரவங்கள் ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்து செய்யப்பட்டன. இன்றும் என்ஜின் ஒயிலையோ மண்ணெண்ணெயையோ பிரேக் தொடருள் விடலாகாது. சிலிண்டரிலுள்ள இறப்பர்க் கிண்ணங்கள் அழிந்துவிடும். குழாய் மாற்றும்போதே அக்கிண்ணங்களையும் புதிதாக்குதல் நன்று.

இறுதியாகத் தொடரிலுள்ள காற்றை வெளியேற்றல் வேண்டும். இதற்கு இருவர் தேவை. ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் சக்கரத்திலுள்ள சிறு திருகைத் திறந்து, குமிழியோடு திரவம் வெளிவந்ததும் மூடுவார். மூடிய பின்னரே காலை எடுக்கலாம். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி, குமிழி நிற்கும்வரை ஒவ்வொன்றாகச் செய்தல் வேண்டும். பின்பு மிதியைப் பலமாக அழுத்திச் சற்று நேரம் பிடித்தபடியே, ஒவ்வொரு மூட்டிலும் கசிவு உண்டா எனப் பிறர் கொண்டு பார்ப்பித்தல் நலம். முதல் ஓட்டம் சமநிலத்தில் நிகழட்டும்.

திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றி, இறக்கத்தில் தாழ்ந்த கியரில் ஓட்டி வந்தால், பிரேக்கின் சுமை பெரிதும் குறையும். புதுக் குழாய்களுக்கும் திரவத்துக்கும் ஆகும் செலவு வர்ணம் பூசும் செலவிலும் குறைந்ததே. ஆயினும் வண்டியில் ஏறுவோரும் பாதையோரம் நடந்து செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளும் அறியாமலே நம்பியிருப்பது அந்தக் குழாய்களைத்தான்.