மூத்த மலையும் நிலநடுக்கமும்

கள்ளக்குறிச்சியில் நின்று மேற்றிசை நோக்குவார்க்கு, வானத்தின் விளிம்பில் நீலக்கோடு இழுத்தாற்போலத் தோன்றுவது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இது, 2,000 அடி முதல் 4,000 அடி வரை உயர்ந்து நிற்கின்றது. வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும், தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வழங்குவர். உறுதிக்கு உவமை கூற வேண்டின் மலையைக் கூறுதல் மக்கள் வழக்கு. தினையளவும் அசையாத பொருள் ஒன்று உலகில் உண்டெனில் அஃது இம்மலையே என அடிவாரத்து உழவர் எண்ணுதல் இயல்பேயாம்.

அவ்வெண்ணத்திற்கு நிலநூலும் ஓரளவு துணை நிற்கின்றது. இம்மலையின் பெரும்பகுதி சார்னோக்கைட்டு என்னும் கரும்பாறையால் ஆயது. இப்பெயர் வந்த வரலாறு சுவையானது. கல்கத்தா நகரின் தொடக்கக் காலத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னாக் என்னும் ஆங்கிலேய வணிகரின் கல்லறையில் இவ்வகைக் கல் பதிக்கப்பட்டிருந்தது. அக்கல் சென்னைப் பக்கத்திலிருந்து கொண்டு செல்லப்பட்டது. அதனை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து என்னும் நிலநூலறிஞர், 1893-ஆம் ஆண்டில் சார்னாக்கின் பெயரையே பாறைக்கும் இட்டார். தமிழ்நாட்டுக் கல் வங்கத்துக் கல்லறையிற் பெயர் பெற்று உலக நூல்களில் இடம்பெற்றது! நிலத்தின் மிக ஆழத்தே, கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவாகிப் பின் மேலெழுந்தவை இப்பாறைகள். இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். இமயமலை எழத் தொடங்கி 5 கோடி ஆண்டுகளே கழிந்துள்ளன என்பதனோடு ஒப்பிட்டால், கல்வராயன் பாறைகளின் முதுமை விளங்கும்.

இத்துணை முதிய நிலமும் நடுங்குமோ? இவ்வினாவிற்கு விடை காணுமுன், ஓயாது நடுங்கும் நிலம் ஒன்றனை அறிதல் நலம். பசிபிக் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவிற்குக் கிழக்கே, ஏறத்தாழ 80 தீவுகளைக் கொண்ட வனுவாட்டு என்னும் சிறு நாடு உள்ளது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் நண்பகல் கடந்த வேளையில், அந்நாட்டின் தலைநகராகிய போர்ட் விலாவை 7.3 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. கட்டடங்கள் சரிந்தன, 14 பேர் உயிரிழந்தனர். ஆயினும் நிலநடுக்கம் அந்நாட்டார்க்குப் புதியதன்று. பூமியின் மேலோடு ஒரே பரப்பாக இல்லாமல், பல பெருந்தட்டுகளாகப் பிளவுபட்டுள்ளது. வனுவாட்டுத் தீவுகளின் அருகே ஆஸ்திரேலியத் தட்டு, பசிபிக் பக்கத்துத் தட்டின் அடியிற் புகுந்து அமிழ்கின்றது. அவ்வியக்கம் வழுவழுப்பாக நிகழ்வதில்லை. பாறையும் பாறையும் பற்றிக்கொண்டு நிற்கும்; அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்; தாங்கவியலாத நிலையில் சட்டென நழுவும். அந்நழுவலால் எழும் அலைகளே நிலத்தை நடுங்கச் செய்கின்றன.

கல்வராயன் மலையோ தட்டின் விளிம்பில் இல்லை. இந்தியத் தட்டின் உள்ளே அமைந்துள்ளது. அத்தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கு நோக்கி நகர்ந்து ஆசியாவின் மீது மோதுகின்றது. மோதும் இடம் இமயம். ஆதலின் பெருநடுக்கங்கள் அங்கே மிகுதி. ஆனால் மோதலின் அழுத்தம் விளிம்போடு நின்றுவிடுவதில்லை. பழைய மரப்பலகை ஒன்றன் முனையைச் சுவரோடு சேர்த்து நெருக்கினால், அது முனையில் மட்டுமே முறியும் என்று சொல்ல இயலுமோ? நடுவே, என்றோ பிளந்து ஒட்டிய பழைய மூட்டில் ‘கிறீச்’ என்று ஒலி எழும். தென்னாட்டு நிலநடுக்கங்கள் அத்தகைய மூட்டொலிகளே எனலாம்.

அப்பழைய மூட்டுகளுள் ஒன்று கள்ளக்குறிச்சியின் அண்மையிலேயே செல்கின்றது. சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகச் சின்னசேலம் நோக்கி வருவார், வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் நிற்க, இடையே நீண்ட பள்ளத்தாக்கினூடே வருவர். வசிட்ட நதி அதன் வழியே ஓடுகின்றது. இப்பள்ளத்தாக்கைப் பின்பற்றி, மேற்கே பவானி, மோயாறு வரை நீளும் ஒரு பெரும் முறிவு மண்டலத்தை அறிஞர் கண்டுள்ளனர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாறைகள் அங்கே ஒன்றோடொன்று உராய்ந்து நகர்ந்தன. இத்தகைய பழம்பிளவுகளிற் பெரும்பாலானவை இன்று உறங்குகின்றன. எது உறங்குகின்றது, எது உறங்குவதுபோற் கிடக்கின்றது என்பதை மேலிருந்து நோக்கி அறிதல் அரிது.

தமிழ்நாடு நடுங்கியதற்கு வரலாறு உண்டு. 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 8-ஆம் நாள் அதிகாலையில், கோயம்புத்தூரை ஏறத்தாழ 6 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. கோயம்புத்தூரிலும் குன்னூரிலும் சுவர்கள் விரிந்தன; தென்னிந்தியாவின் பெரும்பகுதியில் அவ்வதிர்ச்சி உணரப்பட்டது. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் இரவு, புதுச்சேரிக்குக் கிழக்கே கடலுக்கடியில் 5.5 அளவில் நிலம் அதிர்ந்தபோது, சென்னை மாநகரத்தார் வீடுகளை விட்டுத் தெருவில் வந்து நின்றனர். 2018-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள் சேலம், தருமபுரிப் பகுதிகளிலும், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள் செங்கற்பட்டுப் பகுதியிலும் சிற்றதிர்ச்சிகள் பதிவாயின. செங்கற்பட்டு அதிர்ச்சியின் அளவு 3.2.

இவ்வளவெண்களை நோக்கும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். 3.2 என்பது 7.3 என்பதிற் பாதிக்குச் சற்றுக் குறைவு என்று கணக்கிடுதல் பெரும்பிழை. ரிக்டர் என்னும் அறிஞர் 1935-இல் வகுத்த முறையை ஒட்டி வந்த இவ்வளவையில், எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு பெருகும். இக்கணக்கின்படி, செங்கற்பட்டில் வெளிப்பட்ட ஆற்றலைப் போல் ஏறத்தாழ 14 லட்சம் மடங்கு ஆற்றல் வனுவாட்டில் வெளிப்பட்டது. பாத்திரங்கள் ஒலித்ததற்கும் பட்டணம் சரிந்ததற்கும் இடையேயுள்ள தொலைவு அது.

நடுக்கம் நிலத்தினூடே பரவும் முறையும் அறியத்தக்கது. முதலில் வருவன நெருக்கியும் விரித்தும் செல்லும் முதன்மை அலைகள். இவை மேலோட்டுப் பாறையில் நொடிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர் விரையும். பின்னர் வருவன பக்கவாட்டில் உலுக்கும் இரண்டாம் அலைகள். இவற்றின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3½ கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நேர்த்தொலைவு சுமார் 230 கிலோமீட்டர். ஆகவே, கோவையில் எழும் நடுக்கத்தின் முதல் அலை 40 நொடிக்குள் கள்ளக்குறிச்சியை எட்டும். கேடு மிகுதியும் செய்யும் இரண்டாம் அலை 65 நொடியளவில் வந்து சேரும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள நேரத்தைக் கருவியில் அளந்தே நடுக்கம் பிறந்த இடத்தின் தொலைவைக் கணிக்கின்றனர். முதுபாறைக்கு ஓர் இயல்பு உண்டு. இளகிய, நொறுங்கிய நிலத்தில் அலைகள் விரைவில் தேய்ந்துவிடும். இறுகிய பாறையிலோ நெடுந்தொலைவு தேயாமற் செல்லும். முதுமையால் இந்நிலத்தில் நடுக்கங்கள் அரியவாயின. அம்முதுமையாலேயே தொலைவில் எழும் நடுக்கமும் இங்கு வந்து எட்டுகின்றது.

மனிதன் தேக்கும் நீரும் நிலத்தை அசைப்பதுண்டு. மகாராட்டிரத்தில் 103 மீட்டர் உயரமுள்ள கொய்னா அணையில் நீர் தேக்கத் தொடங்கியபின் அப்பகுதியில் அதிர்ச்சிகள் பெருகின; 1967-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள் அங்குப் பெருநடுக்கமே நிகழ்ந்தது. நீரின் எடையும், பிளவுகளுட் கசிந்த நீரின் அழுத்தமும் அதற்குக் காரணம் என்பது அறிஞர் துணிபு. இதனைக் கேட்டுக் கோமுகி அணையை ஐயுற வேண்டுவதில்லை. அதன் முழுக்கொள்ளளவுக்கு நீர்மட்டம் 46 அடியே. கொய்னாவின் பெருநீர்த்தேக்கத்தோடு அதனை ஒப்பிடுதல் ஏரியோடு கிணற்றை ஒப்பிடுதல் போலாம்.

ஆனால் அஞ்சத்தக்க உவமை ஒன்று உண்டு, அது கில்லாரி. மகாராட்டிரத்தின் லாத்தூர் மாவட்டத்தில் உள்ள இவ்வூரும், கல்வராயன் மலையைப் போலவே, தட்டின் விளிம்பிலிருந்து நெடுந்தொலைவில் உள்ளது. நிலநடுக்க அபாயம் மிகக் குறைந்த முதல் மண்டலத்தில் அதனை வரைபடம் சேர்த்திருந்தது. 1992-இல் அங்குச் சிற்றதிர்ச்சிகள் தோன்றின, பின்பு அடங்கின. 1993-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள், பிள்ளையார் விழா முடிந்து மக்கள் அயர்ந்து உறங்கிய வேளையில், அதிகாலை 4 மணிக்குச் சில நிமிடங்களுக்கு முன், 6.2 அளவில் நிலம் குலுங்கியது. ஏறத்தாழ 10,000 பேர் மாண்டனர்.

இங்கே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். கில்லாரியில் வெளிப்பட்ட ஆற்றலைப் போல் 40 மடங்குக்கு மேற்பட்ட ஆற்றல் வெளிப்பட்ட வனுவாட்டில் மாண்டோர் 14 பேர். வனுவாட்டு நடுக்கம் கடற்புறத்தே, 50 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்திற் பிறந்தது. கில்லாரி நடுக்கமோ ஊர்களின் அடியிலேயே, ஆழமின்றிப் பிறந்தது. இஃது ஒரு காரணமே. மற்றொரு காரணம் வீடுகள். கில்லாரிப் பகுதி வீடுகளின் சுவர்கள் பருமனான கற்களைச் சேற்றால் அடுக்கி எழுப்பப்பட்டவை; கூரைகளின்மேல் வெயிலைத் தடுக்க மண் கனமாகப் பரப்பப்பட்டிருந்தது. நிலம் பக்கவாட்டில் உலுக்கியபோது சுவரின் இரு முகங்களும் பிரிந்து சரிந்தன. மண்கூரை உறங்கியோர் மீது விழுந்தது. மக்களைக் கொன்றது பெரும்பாலும் அவர்தம் சுவரும் கூரையுமே. 1900-ஆம் ஆண்டின் கோவை நடுக்கமும் கில்லாரி நடுக்கமும் அளவில் ஏறத்தாழ ஒத்தவை என்பது கருதற்பாலது.

கில்லாரிக்குப் பின்னர் அறிஞர் தம் வரைபடத்தைத் திருத்தினர். 2002-இல் வெளிவந்த வரைபடத்தில் முதல் மண்டலம் என்பதே நீக்கப்பட்டது. நடுங்கவே நடுங்காத நிலம் என்று இந்தியாவில் எதனையும் ஒதுக்கவில்லை. சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்திற்கு ஏற்றப்பட்டது.

கல்வராயன் மலைவாழ் மலையாளி மக்கள் முன்னாளில் மூங்கிற் படலை நிறுத்தி, மண் பூசி, புல்லால் கூரை வேய்ந்த குடிசைகளில் வாழ்ந்தனர். 1897-ஆம் ஆண்டு அஸ்ஸாமை அழித்த பெருநடுக்கத்திற்குப் பின் அங்குப் பரவிய வீடுகளும் இத்தன்மையனவே: மரச்சட்டம், நாணற்படல், இலேசான கூரை. ஆங்கிலேயப் பொறியாளர் பட்டறிந்து மேற்கொண்ட முறையும் மலைமக்கள் வறுமையால் மேற்கொண்ட முறையும் ஒன்றாயிருத்தல் வியப்பே. இலேசான வீடு வளையும். விழுந்தாலும் கொல்வது அரிது. எனினும் தீக்கும் மழைக்கும் ஆற்றாத குடிசையில் என்றும் வாழுமாறு எவரையும் சொல்லுதல் தகாது. செங்கல் வீடு கட்டுவோர் செய்யத்தக்கது பெருஞ்செலவுடையதன்று. வாயில், சாளரங்களின் தலைமட்டத்தில் நாற்புறச் சுவர்களையும் ஒரே வளையமாகச் சுற்றி, இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டுப் பட்டை ஒன்று இட வேண்டும். பீப்பாய்க்கு இரும்பு வளையம் போல அது சுவர்களைப் பிரியவொட்டாது பிணிக்கும். சாளரத்திற்கு மேல் மட்டும் துண்டு துண்டாகப் பட்டை இட்டு நிறுத்துவது பெருவழக்கு. அஃது இப்பயனைத் தாராது. கற்சுவராயின், சுவரின் முழுக் கனத்தையும் ஊடுருவும் நெடுங்கற்களை இடையிடையே வைத்தல் வேண்டும்.

நிலநடுக்கம் இன்ன நாளில், இன்ன நேரத்தில் வரும் என்று முன்னறிந்து சொல்லும் ஆற்றல் எவர்க்கும் வாய்க்கவில்லை. நாள் குறித்துப் பரவும் செய்திகள் அனைத்தும் வதந்திகளே. நடுக்கம் தொடங்கினால், பள்ளியில் இருப்போர் உறுதியான மேசையின் அடியிற் புகுந்து, தலையைக் கையால் மறைத்து, மேசைக்காலைப் பற்றிக்கொள்ளுதல் தக்கது. அதிர்ச்சி நடக்கும்போதே படிக்கட்டில் ஓடுவோர் ஒருவரையொருவர் மிதித்து மடிவர். வெளியில் இருப்போர் சுவரையும் மின்கம்பத்தையும் விட்டு விலகுதல் வேண்டும். மலைச்சரிவில் இருப்போர் உருளும் கற்களுக்கு அஞ்சி ஒதுங்குதல் வேண்டும். பெருநடுக்கம் ஒன்று ஓய்ந்தபின் அதனைத் தொடர்ந்து பின்னதிர்ச்சிகள் பல நாள் வருவதுண்டு. ஆதலால், விரிசல் கண்ட வீட்டினுள் பெட்டியை எடுப்பதற்கோ, கட்டிய கன்றை அவிழ்ப்பதற்கோ உடனே நுழைதல் கூடாது. கட்டடம் அறிந்தார் ஒருவர் சுவரைப் பார்த்துச் சொன்ன பின்னரே புக வேண்டும்.