மணலில் பிறந்த வண்டி

1947-இல் வேல்ஸின் ஆங்கில்சி தீவுக் கடற்கரையில், ரோவர் நிறுவனப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ் ஈர மணலில் ஒரு வண்டியைக் கோடிழுத்துக் காட்டினார். மறு ஆண்டே அது லேண்ட் ரோவராக ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வந்து நின்றது. போர் முடிந்த பிரிட்டனில் எஃகுக்குத் தட்டுப்பாடு. அதனால் அலுமினியத் தகட்டில் உடல் செய்தார்கள். தொடக்க வண்டிகளின் பச்சை நிறமும் ராணுவத்தில் மிஞ்சிய பெயின்ட்தான்!

பின்னாளில் டிஃபெண்டர் என்று பெயர் பெற்ற அந்த வண்டியின் உற்பத்தி 2016 ஜனவரி 29 அன்று நின்றது.

மூன்றே ஆண்டுகளில் மறுபிறவி. 2008-இலேயே லேண்ட் ரோவர் நிறுவனம் டாடா மோட்டார்ஸ் கைக்கு வந்திருந்தது. 2019-இல் அறிமுகமான புதிய டிஃபெண்டரில் தனிச் சேஸிஸ் இல்லை. முழு உடலும் ஒரே கூடு. பழையது 500 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கும் என்றால், ஏர் சஸ்பென்ஷன் உள்ள புதியது 900 வரை இறங்கும். ஆனால் பக்கவாட்டில் திறக்கும் பின்கதவு, அதில் மாட்டிய ஸ்டெப்னி, கூரையோரச் சிறு ஜன்னல்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தாலும், முகத்தைக் காப்பாற்றி எலும்பை மாற்றியது சரியான முடிவு.

இப்போது இந்த வண்டி தயாராவது ஸ்லோவாக்கியாவின் நித்ரா நகரில்.